முதுகுக் காயத்திற்குப் பிந்தைய யோகப் பயிற்சி

முதுகில் அடிபட்டோ டிஸ்க் விலகியோ அறுவை சிகிச்சை செய்துகொண்டோ தேறிவருபவர்கள், ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சியையும் தங்கள் உடல்நிலைக்கு ஏற்ப மாற்றிச் செய்யும் முறை இது. 'முதுகுவலிக்கு ஏற்ற பத்து ஆசனங்கள்' என்ற வகைப் பட்டியல்கள் இவர்களுக்கு உதவாது. ஒருவருக்கு வலியைத் தணிக்கும் ஆசனமே இன்னொருவரைப் படுக்கையில் தள்ளிவிடும். காயம் எந்த இடத்தில், எந்த வகையில் ஏற்பட்டது என்பதைப் பொறுத்தே பயிற்சி அமைய வேண்டும்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. டிஸ்க் விலகல் பெரும்பாலும் கீழ்க்கோடியில் உள்ள இரண்டு டிஸ்க்குகளில்தான் நேர்கிறது. முன்னால் குனியும்போது டிஸ்க்கின் முன்பகுதி அழுந்த, உள்ளேயுள்ள கூழ் போன்ற பொருள் நரம்புகள் இருக்கும் பின்பக்கத்தை நெருக்குகிறது. சுவீடனின் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவு, நிற்கையில் கூடுகிறது, உட்கார்ந்தபடி முன்னால் சாய்கையில் இன்னும் ஏறுகிறது. எனவே டிஸ்க் விலகியவர்கள் பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம் மூன்றையும் தள்ளிவைப்பதே நல்லது. குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, மார்பை மட்டும் சற்றே உயர்த்தும் எளிய புஜங்காசனம் இவர்களில் பலருக்கு இதமாக இருக்கும்.

முள்ளெலும்பு முன்னால் நழுவியவர்களுக்கும், வயதின் காரணமாகத் தண்டுவடக் கால்வாய் குறுகியவர்களுக்கும் நிலைமை நேர்மாறானது. பின்னால் வளைந்தால் இவர்களுக்குக் கால் மரத்துப்போகும், வலி கூடும். புஜங்காசனமும் சலபாசனமும் தனுராசனமும் இவர்களுக்கு ஆகாது. மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்பருகே கொண்டுவரும் பவனமுக்தாசனம் ஆறுதல் தரும்.

எலும்பு மெலிந்தவர்களுக்கோ குனிவதுதான் ஆபத்து. மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற, முதுகெலும்பு மெலிந்த பெண்கள் 59 பேர் இடம்பெற்றனர். குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பிற்பாடு முள்ளெலும்பில் புதிய முறிவுகள் தென்பட்டன. முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது.

நேரமும் கவனிக்க வேண்டிய ஒன்று. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. விடிகாலையில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் பளு பகலைவிட அதிகம். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்த நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு வலி குறைந்ததை 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதிகாலையில் சூரிய நமஸ்காரம் செய்வது நம் வழக்கம். டிஸ்க் காயம் உள்ளவர் அந்த வழக்கத்தைச் சில மாதங்களுக்கு மாலைக்கு மாற்றிக்கொள்வதால் யோகத்திற்குக் குறைவு ஏதும் வந்துவிடாது.

யோகம் முதுகுவலிக்கு நல்லது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2005இல் வெளிவந்த ஆய்வில் 101 பேர் பங்கேற்றனர். அதில் கையாண்ட 'விநியோகா' என்னும் யோக முறை சென்னையில் வாழ்ந்த டி. கிருஷ்ணமாச்சாரியார், அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் ஆகியோரின் மரபில் வந்தது. ஆசனத்துக்கு ஆளைப் பொருத்தாமல் ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றுவதே அதன் அடிப்படை. கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவரான புனேயின் பி.கே.எஸ். அய்யங்கார் கயிறு, மரக்கட்டை, நாற்காலி, பட்டை ஆகியவற்றைத் துணையாகப் பயன்படுத்தி, உடல் வளையாதவர்களும் பயிற்சி செய்ய வழி செய்தார். பாஸ்டனில் 320 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு, யோகம் பிசியோதெரபிக்குச் சளைத்ததல்ல என்றது. ஆனால் இவையெல்லாம் குறிப்பிட்ட காரணம் புலப்படாத நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் செய்யப்பட்டவை. எலும்பு முறிவு போன்ற திட்டமான காரணம் உள்ளவர்கள் அவற்றில் சேர்க்கப்படவில்லை. புதிதாக அடிபட்டவருக்கு இந்த முடிவுகளைக் காட்டி ஆசனம் சொல்லிக்கொடுப்பது சரியல்ல.

தொடக்கம் மிக எளிமையாகவே இருக்க வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் இருக்கைமேல் வைத்தால் இடுப்பும் முழங்காலும் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்கியிருக்கும். இடுப்புத் தசைகள் தளரும். ஐந்து நிமிடம் அப்படியே கிடந்து, வெளிமூச்சைச் சற்று நீட்டினால் போதும். எழும்போது நேராக எழக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். வலியில்லாமல் இது கைவந்த பிறகே மற்ற ஆசனங்கள். தசைப்பிடிப்பு சில வாரங்களில் ஆறும். எலும்பு முறிவு சேர மூன்று மாதம் ஆகலாம், அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது தொடங்குவது என்பதை அதைச் செய்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

பயிற்சியின்போது வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிப்பது மிக நல்ல வழிகாட்டி. காலில் இருந்த வலி தொடைக்கும் இடுப்புக்கும் ஏறிச் சுருங்கினால், இடுப்பில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் அது பொதுவாக நல்ல அறிகுறி. இடுப்பிலிருந்து கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ இறங்கினால் அந்த ஆசனத்தை உடனே நிறுத்த வேண்டும். 'வலித்தாலும் பிடித்து நில்லுங்கள்' என்று சொல்லும் ஆசிரியரிடம் முதுகுக் காயம் உள்ளவர் போகாதிருப்பதே மேல். நாற்பது பேர் கொண்ட வகுப்பும் இவர்களுக்கு ஏற்றதல்ல. தனித்தனியே கவனிக்கும் ஆசிரியரும், இடையிடையே பிசியோதெரபிஸ்ட்டின் மேற்பார்வையும் தேவை.

தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமை, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல், பாதத்தைத் தூக்க முடியாமல் தொய்தல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் எந்த ஆசனத்தையும் முயன்று பார்க்காமல், மறுநாளுக்கும் தள்ளிப்போடாமல், அந்த மணியிலேயே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.