வளைந்த முதுகும் மெலிந்த எலும்பும்: பதின்பருவ ஸ்கோலியோசிஸில் எலும்பு வளர்சிதைமாற்றம்

பதின்பருவத்தில் காரணம் புலப்படாமல் தோன்றும் முதுகெலும்புப் பக்கவளைவாகிய ஸ்கோலியோசிஸை மருத்துவம் பெரும்பாலும் கோணத்தாலேயே அளந்து வந்திருக்கிறது. 1948இல் ஜான் காப் விளக்கிய முறைப்படி எக்ஸ்ரே படத்தில் அளக்கும் வளைவு 10 பாகையை எட்டினால் அது ஸ்கோலியோசிஸ். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேரிடம் இது காணப்படுகிறது. சிறு வளைவுகள் இருபாலரிடமும் ஏறத்தாழச் சம அளவில் உள்ளன; 30 பாகையைத் தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுமியர். வளைவின் அளவு கோணத்தில் தெரிந்துவிடும். வளையும் எலும்பின் உறுதி அதில் தெரியாது. எலும்பு மெலிவை வளைவின் பின்விளைவாக ஒதுக்காமல், வளைவு முற்றுமா என்பதை முன்கணிக்கும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்சான்று, மெலிவு காணப்படும் இடம். வளைந்த முதுகின் சமனற்ற சுமைதான் எலும்பை மெலிவித்தது என்றால், பாதிப்பு முதுகோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் ஜாக் செங் குழுவினர் 1990களிலிருந்து நடத்திவரும் ஆய்வுகள் தொடையெலும்புக் கழுத்திலும் தாதுச் செறிவு குறைந்திருப்பதைக் காட்டின. உடல் எடையைத் தாங்காத முன்கை ஆரை எலும்பின் நுண்கட்டமைப்பிலும் குறை தென்பட்டது. இரண்டாம் சான்று, காலவரிசை. 324 சிறுமியரைத் தொடர்ந்து கவனித்து அக்குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், வயது, மாதவிலக்கு நிலை, தொடக்கக் கோணம் ஆகியவற்றோடு எலும்பு மெலிவும் வளைவு முற்றுவதை முன்னறிவிக்கும் தனிக் காரணியாக வெளிப்பட்டது.

பருவமடையும் காலத்தின் இயல்பு இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. உயரம் விரைந்து கூடுவது முதலில். தாது படிவது அதற்குச் சில மாதங்கள் பிந்தி. கனடாவின் சஸ்காச்சுவான் நெடுங்கால ஆய்வின்படி, வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ 26 விழுக்காடு, படிவு உச்சத்தையொட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. நீண்டுவிட்ட எலும்பு இன்னும் இறுகாத அந்த இடைவெளியிலேயே வளைவும் வேகம் கொள்கிறது.

உயிர்வேதியியல் விளக்கம் இன்னும் முழுமை பெறவில்லை. மெலட்டோனினைச் சுரக்கும் பினியல் சுரப்பி அகற்றப்பட்ட கோழிக்குஞ்சுகளின் முதுகு வளைந்தது. நாலுகால் எலிகளிடம் அவ்வாறு நிகழவில்லை. இரு காலில் நடக்க வைத்த எலிகளிடம் நிகழ்ந்தது. நோயுற்ற சிறுமியரின் இரத்தத்தில் மெலட்டோனின் ஒரே சீராகக் குறைந்திருக்கவில்லை. ஆயினும் எலும்பை ஆக்கும் செல்கள் அதன் சமிக்ஞையை ஏற்பதில் குறைபாடு இருப்பதை மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர்.

இச்சிறுமியர் பலர் ஒல்லியானவர்கள். மெலிவுக்கு எடைக்குறைவே போதிய காரணமாகாதா என்று கேட்கலாம். அதற்கும் பங்குண்டு. ஆனால் எடையைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு முழுதாக மறைவதில்லை. அளவீட்டிலும் இடர் உண்டு. முறுகிய முள்ளெலும்பில், எலும்புச் செறிவை அளக்கும் டெக்ஸா கருவி காட்டும் எண் பிறழக்கூடும் என்பதால் இடுப்பில் அளப்பதே தக்கது. ஆய்வுகள் ‘மெலிவு’ எனக் கொள்ளும் எல்லை வயதுக்கேற்ற சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் கீழே. அதை மட்டும் வைத்து ஒரு சிறுமிக்கு எலும்புப்புரை என்று பெயர் சூட்டலாகாது. சர்வதேச வழிகாட்டுதல்கள் முறிவு வரலாற்றையும் கேட்கின்றன.

சிகிச்சையிலும் இந்த நிதானம் தேவை. கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்து ஹாங்காங்கில் நடத்திய சோதனையில் எலும்புச் செறிவு கூடியது. வளைவு முற்றுவது குறைந்ததோ தொடக்கத்தில் வைட்டமின் டி குறைந்திருந்தோரிடம்; அதுவும் உட்பிரிவுப் பகுப்பாய்வின் முடிவு. ஆகவே சத்துக் குறையை நிரப்பலாம், முதுகைத் தாங்கும் கச்சைக்கு மாற்றாக மாத்திரையை நம்பலாகாது. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் கச்சை அணிந்தோரில் 72 விழுக்காட்டினரும், கண்காணிப்பில் மட்டும் இருந்தோரில் 48 விழுக்காட்டினரும் 50 பாகையை எட்டாமல் தப்பினர். கச்சையின்றியே தப்பும் அந்த 48 விழுக்காட்டினர் யார் என்பதைக் கோணமும் வளர்ச்சி நிலையும் முழுதாகச் சொல்லிவிடுவதில்லை. இடுப்பெலும்பின் செறிவையும் அவற்றோடு சேர்த்துப் பார்த்தால் அவர்களை முன்கூட்டி இனங்காண முடிகிறதா என்று சோதிப்பதே அடுத்து ஆற்ற வேண்டிய பணி.