காட்டு நிறம் ஏறிய கட்டை

நியூயார்க் மாநிலத்தில் இலியான் என்றொரு சிற்றூர். 1828 முதல் ரெமிங்டன் துப்பாக்கிகள் அங்கே தயாராகி வந்தன. 1962-இல் அந்த ஆலையிலிருந்து ‘700’ என்ற வேட்டைத் துப்பாக்கி வெளிவந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய வகை. அதன் குழலையும் இயக்கப் பகுதியையும் தாங்கி நிற்பது வால்நட் மரத்தில் செதுக்கிய கட்டை. சுடுகிறவரின் தோளும் கன்னமும் இடது கையும் தொடுவது இந்தக் கட்டையைத்தான்.

துப்பாக்கிக்கு வால்நட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எடைக்கு மீறிய உறுதி, உதை வாங்கினாலும் எளிதில் பிளக்காத தன்மை, உளி சொன்ன பேச்சைக் கேட்கும் இணக்கம். விசைக்குப் பின்னால் கை பிடிக்கும் இடத்தில் கட்டை மிகவும் மெலிந்திருக்கும். அந்த இடத்தில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடினால் கட்டை நிற்கும். குறுக்கே போனால் ஒருநாள் அங்கேதான் முறியும். மரம் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த ரேகையைத்தான். பழைய தச்சர்கள் ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார்கள். 700-இன் விலை கூடிய வகைக்கு, அன்று ரெமிங்டனின் உரிமையாளராக இருந்த டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய கண்ணாடிப் பளபளப்புள்ள பூச்சு ஏறியது. கடை அலமாரியில் அதைப் பார்த்தவர் கண்ணை எடுக்க மாட்டார். காட்டில் அந்தப் பளபளப்பு காலை வெயிலைப் பிடித்துத் தூரத்துக்கு எறிந்துவிடும்.

1966-இல் அமெரிக்க மரைன் படை இதே 700-ஐ எடுத்து, கனத்த குழலும் ஸ்கோப்பும் பொருத்தி, எம்40 என்று பெயரிட்டு வியட்நாமுக்கு அனுப்பியது. கட்டை அப்போதும் வால்நட்தான். மரம் செத்த பிறகும் தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ரேகைக்குக் குறுக்காக உப்பும், வெயிலில் சுருங்கும், சமயத்தில் முறுக்கிக்கொள்ளும். குழலைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டுச் செதுக்கியிருப்பார்கள். உப்பிய கட்டை அந்த இடைவெளியைத் தின்று குழலை ஒரு பக்கமாக அழுத்தும். நேற்றுச் சரியாகப் பட்ட குண்டு இன்று விலகிப் போகும். தொலைவிலிருந்து ஒரே ஒரு குண்டை நம்பி இருப்பவருக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது.

1970-களில் வர்ஜீனியாவின் குவாண்டிகோவில் இருந்த மரைன் ஆயுதப் பட்டறை இதற்கு முடிவு கட்டியது. எம்40ஏ1 என்ற அடுத்த வடிவத்துக்கு மக்மில்லன் நிறுவனம் செய்த கண்ணாடியிழைக் கட்டை வந்தது. ஈரம் அதை ஒன்றும் செய்யவில்லை. பச்சையும் பழுப்பும் கறுப்பும் வார்க்கும்போதே மேல்தோலில் கலந்திருந்தன. துப்பாக்கிக் கட்டையின் வாழ்க்கையில் திருப்பம் இதுதான் என்பேன். அதுவரை மரத்தின் அழகைக் காட்டுவதற்காகவே மெருகேறி வந்த பொருள், தன்னைக் காட்டாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது.

ராணுவத்தில் சரிப்பட்டது சில ஆண்டுகளில் வேட்டைக்காரர்களிடமும் வந்துசேர்ந்தது. ஆனால் கைவேலைக் கண்ணாடியிழைக்கு விலை அதிகம். சாதாரணத் துப்பாக்கிக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கட்டை கிடைத்தது, பெரும்பாலும் கறுப்பு நிறத்தில். மழைக்கு அஞ்சாது, சிராய்ப்புக்கு அஞ்சாது, விலையும் குறைவு. குறை ஒன்றுதான்: காட்டில் கறுப்பாக, நேராக, ஒரு மீட்டர் நீளத்துக்கு எதுவும் கிடையாது. நிழல்கூட இலைகளால் கிழிபட்டுத்தான் விழும். புல்லுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கோடு ‘இங்கே இருக்கிறேன்’ என்று கத்தும்.

அந்தக் கோட்டை எப்படி உடைப்பது என்ற கேள்விக்கு விடை இதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. தந்தவர்கள் ஓவியர்களும் விலங்கியலாளர்களும். அமெரிக்க ஓவியர் அபட் தேயர், விலங்குகளின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது மேலிருந்து விழும் வெளிச்சத்தையும் அடியில் படியும் நிழலையும் சமன் செய்யத்தான் என்று விளக்கினார். 1909-இல் அது பெரிய புத்தகமாகவே வந்தது. 1915-இல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர் கிராண்ட் தெ ஸெவோலாவின் பொறுப்பில் உருமறைப்புப் பிரிவு ஒன்றை அமைத்தது. பீரங்கியின் உருவத்தைத் துண்டுதுண்டாகச் சிதைத்துக் காட்ட ஓவியர்கள் தூரிகையோடு போர்முனைக்குப் போனார்கள். ஆங்கில விலங்கியலாளர் ஹியூ காட் 1940-இல் எழுதிய நூலில் ஆப்பிரிக்கத் தவளை ஒன்று வருகிறது. அது காலை மடக்கி உட்காரும்போது தொடையிலும் காலிலும் உள்ள பட்டைகள் உடம்பின் பட்டையோடு ஒரே கோடாகச் சேர்ந்துவிடும். கால் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் புலப்படாது. துப்பாக்கிக்கு வண்ணம் அடிக்க உட்காருகிறவர்கள் இந்தத் தவளையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

இந்த உருமறைப்பு வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்தது ஸ்பிரே டப்பா. 1949-இல் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்ட் சீமோர், தன் அலுமினியப் பெயின்ட்டைக் காட்டுவதற்காக, மனைவி சொன்ன யோசனைப்படி அதை அழுத்தக் காற்று டப்பாவில் அடைத்தார். இன்று க்ரைலான், ரஸ்ட்-ஓலியம் போன்ற பெயின்ட் நிறுவனங்கள் காக்கி, ஆலிவ் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று துளியும் மினுக்காத உருமறைப்பு வண்ணங்களையே தனியாக விற்கின்றன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க வீரர்கள் பலர் இப்படிப்பட்ட டப்பாக்களால் தங்கள் துப்பாக்கிகளுக்கு மணல் நிறம் ஏற்றினார்கள்.

பென்சில்வேனியாவில் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒருவர் இந்த வேலையில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். போல்ட்டை உருவி, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் கட்டை தனியாக வந்துவிடும்.

அடுத்து வருவதைத்தான் பலர் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஆலையில் தடவிய பிசுக்கு பிளாஸ்டிக்கின் மேல் தங்கியிருக்கும்; அதோடு கையின் எண்ணெயும் சேர்ந்திருக்கும். பாத்திர சோப்பால் கழுவி, உலர்த்தி, 320 எண் உப்புத்தாளால் மினுக்கம் போகிற அளவுக்கு மட்டும் தேய்த்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. இதைச் செய்யாத கட்டையில் முதல் குளிர்காலத்திலேயே பெயின்ட் நகத்தோடு உரிந்து வரும்.

முதலில் காக்கி, கட்டை முழுக்க. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து, கை நிற்காமல், மெல்லிய பூச்சாக. இரண்டு பூச்சு போதும். காய்ந்ததும் கொல்லையிலிருந்து பறித்த பெரணி இலையையும் நீளப் புல்லையும் கட்டையின் மேல் வைத்து ஆலிவ் பச்சையை ஊத வேண்டும். இலையை மெல்லத் தூக்கினால், அது ஒட்டிக் கிடந்த இடத்தில் காக்கி நிறத்தில் கூர்மையான இலை வடிவம் நிற்கும். நுனி சற்று எழும்பியிருந்த இடத்தில் ஓரம் பனிபோல் கலங்கியிருக்கும். கூர்மையும் கலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால்தான் தட்டையான பிளாஸ்டிக்கில் ஆழம் தெரிகிறது. கடையில் விற்கும் ஸ்டிக்கர் அச்சில் இந்தக் கலங்கல் வராது. அதனாலேயே நிஜ இலை மேல் என்று சொல்வேன். ஒரே இலையைத் திரும்பத் திரும்ப வைத்தால் அதில் தேங்கிய பெயின்ட் சொட்டிவிடும். புதிது பறிப்பது நல்லது.

இலை வடிவம் நன்றாக விழுந்துவிட்டால் கை நிற்காது. கட்டை முழுக்க இலையாக நிரப்பத் தோன்றும். பக்கத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். முப்பது மீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அத்தனை நுணுக்கமும் கலந்து ஒரே பழுப்புத் தடியாகத் தெரியும். உடைக்க நினைத்த கோடு மறுபடியும் முழுசாக நிற்கும். உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புத் திட்டுகள் நீளவாக்குக்குக் குறுக்கே சாய்வாக ஓட வேண்டும். குழலையும் மாட்டிய பிறகு, அதன் வாயையும் ஸ்கோப்பின் கண்ணாடியையும் விசையையும் இயக்கப் பகுதியின் திறப்பையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, அதே திட்டைக் கட்டையிலிருந்து குழல் மேல் ஏற்றி ஸ்கோப் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஹியூ காட் சொன்ன தவளை செய்வது அதைத்தான். கறுப்பு ஓரிரண்டு இடத்தில் போதும். தேயர் சொன்னபடி அடிப்பக்கத்தைக் காக்கியாகவே விட்டுவிடுவது என் பரிந்துரை. நிழல் தானாகவே அதைக் கருக்கிவிடும். கடைசியில் மேட் கிளியர் என்ற மினுக்காத, நிறமற்ற பூச்சு. அது நன்றாக இறுகும்வரை துப்பாக்கியைத் தொடாமல் இருக்க வேண்டும். குழல் துடைக்கும் கரைப்பானும், டீட் கலந்த கொசு மருந்து தடவிய கையும் பெயின்ட்டைக் கரைத்துவிடும்.

எந்தப் பச்சை, எந்தப் பழுப்பு என்று மணிக்கணக்கில் யோசிக்கிறவர்கள் மானின் கண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்வால் மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் இரண்டே வகை, நமக்கு மூன்று. சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து அது நம்மைப்போலப் பிரித்தறியாது. அதனால்தான் பென்சில்வேனியாவில் மான் வேட்டைப் பருவத்தில் துப்பாக்கி ஏந்துகிறவர் 250 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்று சட்டமே இருந்தும் மான் அகப்படுகிறது. அந்த ஆரஞ்சு, மற்ற வேட்டைக்காரரின் கண்ணுக்காக. மானின் கண்ணுக்கு உறைப்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு, மினுக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக அசைவு. ஆகவே பச்சையின் சாயலைவிட, காக்கிக்கும் பழுப்புக்கும் நடுவே போதிய இடைவெளி இருப்பதும், மேற்பரப்பு மினுக்காமல் இருப்பதும்தான் இந்த வேலையில் முக்கியம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. வால்நட் கட்டை இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடிக்க வேண்டாம். மரத்தின் துளைகளில் இறங்கிய வண்ணத்தை எடுக்கச் சுரண்ட வேண்டிவரும்; சுரண்டினால் இரும்புக்கும் மரத்துக்கும் உள்ள பொருத்தமே போய்விடும். பலரும் விவரமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். வால்நட்டைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மலிவான பிளாஸ்டிக் கட்டை ஒன்றை வாங்கி அதன்மேல்தான் கை வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது தொடர் எண் பொறித்த இயக்கப் பகுதிதான். கட்டை வெறும் உதிரி பாகம். அட்டைப்பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பலாம். துப்பாக்கியை விற்கும்போது வால்நட் மறுபடியும் அதில் ஏறும். பெயின்ட் அடித்த கட்டை தனியாக விலை போகும். பென்சில்வேனியாவின் பச்சையோடு அது அரிசோனா பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தால், வாங்கியவர் முதலில் செய்வது அதை உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, பெரணி இலைகளின் மேலேயே மணல் நிறத்தை ஊதுவதுதான்.