இடையன்குடியில் எலைசாவின் வீடு

களக்காட்டுக்காகத் திருவிதாங்கூரும் ஆற்காட்டு நவாபும் மோதிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதை 1881-இல் தமது திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதிவைத்த பாதிரியார் கால்டுவெல்லின் வீடு களக்காட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. நாங்குநேரி, திசையன்விளை வழியாகக் கிழக்கே இறங்கினால் மலையடிவாரத்து வாழைத் தோட்டங்கள் முடிந்து, செம்மணல் தேரியும் பனங்காடும் வந்துவிடும். கடலோரத்தை ஒட்டிய அந்தப் பூமியில்தான் இடையன்குடி. கால்டுவெல் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-இல் நினைவில்லமாக்கியது.

வருகிறவர்கள் 1856-இல் வெளியான அவரது திராவிட ஒப்பிலக்கணத்தை எண்ணி வருகிறார்கள். வரட்டும். ஆனால் அங்கே குடும்பம் நடத்தியவர் அவர் மனைவி எலைசா. அவரைப் பற்றிப் பேசாமல் அந்த வீட்டைப் பற்றிப் பேசுவது நியாயமே அல்ல.

நாகர்கோவில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மகள் அவர். 1844-இல் கல்யாணம். கால்டுவெல் 23 வயதில் கப்பலேறி வந்து தமிழ் படித்தவர். எலைசாவுக்கோ அது சிறுவயதிலேயே காதில் விழுந்த பேச்சு. ஊர்ப் பெண்களிடம் அவர்கள் தமிழிலேயே பேச அவரால் முடிந்தது. கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் நாடார் மக்களை ஆழமாகப் புண்படுத்தியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதே மக்களின் பெண்பிள்ளைகளுக்குத்தான் எலைசா விடுதிப் பள்ளி நடத்தினார்.

தாய் மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிய ரேந்தை (லேஸ்) பின்னலையும் அவர் இங்கே கொண்டுவந்தார். தலையணைமேல் மாதிரித்தாளை விரித்து, கோலத்தின் புள்ளிதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். விரற்கடை நீளம் வளரவே நெடுநேரமாகும். பனை ஊரில் இதன் அருமை அதிகம். ஆண்கள் பனையேறி இறக்கும் பதநீரைப் பெண்கள் விடிலி என்னும் குடிசையில் அனலோடு நின்று கருப்பட்டியாக்குவார்கள். பருவம் முடிந்தால் கையில் காசு புழங்காது. ரேந்தைக்குப் பருவமில்லை, கூலியும் பெண்ணின் கைக்கே வரும்.

ஊரின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1847-இல் தொடங்கி 1880-இல்தான் முடிந்தது. அத்தனை ஆண்டுகளும் பள்ளியும் பின்னலும் பிள்ளை வளர்ப்புமாக எலைசாவுக்கு ஓய்வில்லை. 1891-இல் கணவர் மறைந்த பிறகும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இதே ரேந்தைக் கூலியைச் சேர்த்து, நாகர்கோவிலில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.