தேரிக்காட்டில் ஒரு 'தான்'

திசையன்விளைப் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு அந்தச் செம்மணலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேரி என்பார்கள். காற்றடித்தால் மணல்மேடு இடம் மாறும். பனைமரம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். கருப்பட்டியும் பனையோலையுமே சீவனம் என்றிருந்த சீமை அது. அந்த ஊரிலிருந்து ஒரு நடை நடந்தால் இடையன்குடி. ஆங்கில இலக்கணத்தில் 'மைஸெல்ஃப்', 'ஹிம்ஸெல்ஃப்' என்று மாணவர்களைப் படுத்தி எடுக்கிற சொற்களைப் பற்றிப் பேச வந்தவன் இந்தப் பனங்காட்டில் எதற்கு வந்து நிற்கிறான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்முடைய 'தான்' என்ற சொல்லை மலையாளத்துத் 'தா'னோடும் தெலுங்குத் 'தானு'வோடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று உலகத்துக்கு விரிவாகக் காட்டிய மனிதர் இந்த மணலில்தான் குடியிருந்தார்.

ராபர்ட் கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். கிளாஸ்கோவில் படித்தார். 1838-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். 1841-இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டு, நீலகிரி வரை சுற்றிக்கொண்டு, இடையன்குடி வந்து சேர்ந்தார். குதிரையும் பல்லக்கும் வெள்ளைக்காரனுக்கு என்று விதித்திருந்த காலத்தில் நடந்து வந்தார் என்பதற்காகவே எனக்கு அவரிடம் ஒரு பிரியம் உண்டு. நடந்து வந்தவன் காதில் நாலு பேச்சு விழும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் லண்டனில் அச்சாயிற்று. திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் என்ற கலெக்டர் 1816-இலேயே சொல்லிவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் கோடு கிழித்தவர் அவர். வீடு கட்டியவர் இவர்.

அந்த வீட்டில் 'தான்' என்பதற்கு ஓர் அறை. அதைத் திறந்து பார்த்தால் நாம் நாள்தோறும் புழங்குகிற சொற்களே புது முகம் காட்டுகின்றன. தம்பி என்கிறோம். தம் பின் பிறந்தவன் தம்பி. அப்படியானால் என் பின் பிறந்தவன்? பழைய தமிழில் அவன் 'எம்பி'. உன் பின் பிறந்தவன் 'நும்பி'. என் தகப்பன் எந்தை, உன் தகப்பன் நுந்தை, அவன் தகப்பன் தந்தை. தாயும் இப்படித்தான்: யாய், ஞாய், தாய். காலப்போக்கில் என்னுடையதும் உன்னுடையதும் வழக்கொழிந்து, 'தன்'னுடையது மட்டும் எல்லோருக்கும் பொதுவாய் நிலைத்துவிட்டது. இன்றைக்கு 'என் தம்பி' என்று சொல்கிறவன், கணக்குப் பார்த்தால், 'என் தன் பின்னவன்' என்று சொல்கிறான்! பெரியவர்களைத் 'தாங்கள்' என்று அழைக்கிறோமே, அதுவும் 'தாம்' பெற்ற பிள்ளைதான். ஆரல்வாய்மொழியைத் தாண்டி மலையாளக் கரையில் இறங்கினாலோ, எதிரில் நிற்கிறவனையே 'தான்' என்று கூப்பிடுவார்கள். அதில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்.

ஆங்கிலத்தின் கதை வேறு. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பாஷையில் இதற்கென்று தனிச் சொல்லே கிடையாது. 'அவன் அவனை அடித்தான்' என்றால், பிறத்தியானை அடித்தானா, தன்னையே அடித்துக்கொண்டானா என்பதைக் கேட்கிறவன்தான் யூகிக்க வேண்டும். 'ஸெல்ஃப்' என்பது வெறும் அழுத்தத்துக்காகச் சேர்ந்த சொல், நாம் 'அவனே' என்கிற மாதிரி. சேர்ந்து சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட ஒட்டியதும் ஒட்டாததும் கலந்தே வழங்கின. ஒட்டிய விதமாவது ஒழுங்காயிருந்ததா? மைஸெல்ஃப், யுவர்ஸெல்ஃப் என்கிறபோது 'என்னுடைய', 'உன்னுடைய'. ஹிம்ஸெல்ஃப், தெம்ஸெல்வ்ஸ் என்கிறபோது 'அவனை', 'அவர்களை'. நியாயப்படி 'ஹிஸ்ஸெல்ஃப்' என்று வந்திருக்க வேண்டும். இங்கிலாந்துக் கிராமத்தான் அப்படியே சொல்வதுண்டு, வாத்தியார் அடிப்பார். இன்னொரு வேடிக்கை: ஒருவனானாலும் ஊரானாலும் 'யூ' என்றே கூப்பிடுகிற அந்தப் பாஷை, யுவர்ஸெல்ஃப், யுவர்ஸெல்வ்ஸ் என்னும்போது மட்டும் ஒருமையையும் பன்மையையும் பிரித்துவிடுகிறது.

நம் பிள்ளைகள் இடறுகிற இடம் எது? 'ராமன் தான் வருவதாகச் சொன்னான்' என்கிறோம். நம் 'தான்' வாக்கியத்தின் உள்வாசலில் நின்றுகொண்டு வெளிவாசலில் இருக்கிற ராமனைக் கை நீட்டித் தொட்டுவிடும். ஆங்கில 'ஹிம்ஸெல்ஃ'புக்கு அவ்வளவு நீளக் கை கிடையாது. தன் வினைக்கு உரிய எழுவாயை மட்டுமே அது தொடும். ஆகவே அங்கே வெறும் 'ஹீ' போட வேண்டும். பையன் தமிழை நம்பி 'ஹிம்ஸெல்ஃப்' போட்டுவிடுகிறான். 'மைஸெல்ஃப் முருகன்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்களே, அந்தப் பழியை மட்டும் தமிழின் தலையில் போடக்கூடாது. 'நானேதான் முருகன்' என்று தமிழில் எவனாவது சொன்னால், போலீஸ்காரரிடம் சரணடைகிற மாதிரியல்லவா இருக்கும்! 'ஐ' என்று முன்னே ஒருவன் நிற்காமல் 'மைஸெல்ஃப்' தனியாக வந்து சபையில் உட்காரக்கூடாது. 'ராமனுக்கும் மைஸெல்ஃபுக்கும் அனுப்புங்கள்' என்று கடிதம் எழுதுவதும் அதே கோளாறுதான். அங்கே 'மீ' போதும். 'மீ' என்பது மரியாதைக் குறைவான சொல் என்று யார் கிளப்பிவிட்டார்களோ!

நீண்ட கையால் தமிழுக்கு ஒரு லாபமும் உண்டு. கோர்ட்டில் சாட்சி சொல்கிறான் என்று வையுங்கள்: 'கந்தன் மாடனிடம் தன் மாட்டை ஓட்டிப் போனதாகச் சொன்னான்.' மாடு கந்தனுடையது, வழக்கே இல்லை. 'அவன் மாட்டை' என்றால் மாடனுடையது, திருட்டு. இரண்டையும் துபாஷி ஆங்கிலத்தில் 'ஹிஸ்' என்றே பெயர்க்க நேரும். ஒருவன் ஜெயிலுக்குப் போவதும் போகாதிருப்பதும் அந்தச் சொல்லில் தொங்குகிறது.

கால்டுவெலுக்கும் அப்படி ஒரு கணக்கு பாக்கியிருந்தது. அவர் 1849-இல் திருநெல்வேலி நாடார் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அன்று பிறர் அவர்களுக்கு வழங்கிய பெயரையே தலைப்பில் வைத்தார். அவர் சபையில் உட்கார்ந்திருந்தவர்களே பெரும்பாலும் அந்த மக்கள்தான். இரங்கித்தான் எழுதினார் போலும். ஆனாலும் உயரத்தில் நின்று எழுதிய எழுத்து அது. அவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த பள்ளிக்கூடங்களில் பாதிரிமார்கள் நடத்தியவையே முக்கியமானவை. பிள்ளைகள் படித்தார்கள்; படித்ததும் அந்த நூலையும் படித்தார்கள். கொதித்தார்கள், எதிர்த்து எழுதினார்கள். ஒரு மொழியின் 'தா'னை அத்தனை நுட்பமாய் ஆராய்ந்தவருக்கு, தமக்கு எதிரில் இருந்தவர்கள் தம்மைத் தாம் என்ன பெயர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இது சின்னக் குறையாகப் படவில்லை. அதற்காக ஒப்பிலக்கணத்தைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

1877-இல் அவர் பிஷப் ஆனார். 1847-இல் அடிக்கல் நாட்டிய கோயில் 1880-இல் பிரதிஷ்டையாயிற்று. 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அந்தக் கோயிலில் அடக்கம் செய்தார்கள். அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1921-இல், அரசாங்கம் தன் பதிவேடுகளில் அந்தப் பழைய பெயரை விலக்கி, 'நாடார்' என்று அவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட பெயரையே எழுத ஒப்புக்கொண்டது.