வன்பரணரும் வாய்மொழித் தேர்வும்

போன வாரம் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். ஆராய்ச்சிப் படிப்பில் நான்காம் ஆண்டு. "தாத்தா, எக்ஸாமினர் பேனல்ல யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் கடைசி அத்தியாயத்தை எப்படி முடிக்கிறதுன்னு சொல்ல முடியும்ங்கிறார் கைடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பேச்சை 1997இல் நானும் கேட்டிருக்கிறேன். சொன்னவர் வேறு, ஊர் வேறு, பேச்சு மட்டும் மாறவில்லை.

அதனால் இந்த வாரம் மிளகு விலையைப் பற்றி எழுதுவதாகச் சொன்னதைத் தள்ளி வைத்துவிட்டு, ஆய்வேட்டைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையில் நடந்த ஒரு சங்கதியிலிருந்து தொடங்கலாம். புறநானூற்றில் 152ஆம் பாட்டு. வன்பரணர் தம் கூட்டத்தோடு காட்டு வழியே வருகிறார். வேட்டுவன் ஒருவன் அம்பு விடுகிறான். அந்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவிக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அவன் யாரென்று புலவருக்குத் தெரியாது. பார்த்தால் செல்வன் போல இருக்கிறான், பாடுவோம் என்று விறலியரைக் கூப்பிட்டுப் பாடுகிறார்கள். முறைப்படி துறையெல்லாம் பாடி முடித்து அரசன் பேரைச் சொன்னதும் எதிரே நிற்பவன் நாணித் தலை குனிகிறான். அவன்தான் வல்வில் ஓரி. மான் கறியும் மதுவும் கொடுத்து, தன் மலைப் பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். செம்மேட்டில் குதிரைமேல் இருக்கிறாரே, அவரேதான்.

கேட்கிறவன் யாரென்று தெரியாமல் பாடிய பாட்டு அது. ஆய்வேடு அப்படியல்ல. படிக்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் யார், எந்தக் கட்சி, யாருக்கு யார் ஆகாது என்பதெல்லாம் எழுதுகிறவனுக்கு ஓரளவு தெரியும்.

தமிழில் முனைவர் பட்டம் தொடங்கிய காலத்தில் இந்தச் சங்கடம் இன்னும் பெரிது. தமிழைப் பற்றிய ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மு.வ. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியது சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆங்கில ஆய்வுக்கு. ஏறக்குறைய அதே காலத்தில் அண்ணாமலையில் தனிநாயகம் அடிகள் எடுத்துக்கொண்டதும் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கைதான். இருவருக்கும் ஒரே பொருள் அமைந்தது ஏன்? என் எண்ணம் இது: வேர்ட்ஸ்வொர்த்தைப் படித்து வளர்ந்த கல்வியுலகம் அது. ஆங்கிலத்தில் படிக்கிற தேர்வாளருக்குத் திணை, துறை என்றால் விளங்காது. இயற்கை என்றால் விளங்கும். கதவு திறக்கிற பக்கம் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. வ.சுப. மாணிக்கனாரும் அகத்திணையை ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் வாங்கினார். அதைத் தமிழில் 'தமிழ்க் காதல்' என்று தந்தபோதுதான் நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்தது.

ஆனால் என்னை ஆட்டிவைத்தவர் இலங்கைக் கைலாசபதி. தினகரன் ஆசிரியராக இருந்தவர், பேராதனையில் படித்தவர். அவர் ஆய்வு செய்யப் போனது லண்டனில் இருந்த தமிழறிஞர்களிடம் அல்ல. பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம். தாம்சன் அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவுக்குப் போய், மீனவர்களோடு பழகி ஐரிஷ் மொழி கற்றவர். ஆக, சங்கப் பாட்டை ஹோமரைப் படித்தவர் முன்னால் வைக்க வேண்டும். பாணர் யார், விறலி யார், வஞ்சி என்றால் என்ன, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். கைலாசபதி சொன்னார். கிரேக்கம், ஐரிஷ், வெல்ஷ் வீரப் பாட்டுகளோடு புறநானூற்றை நிறுத்தி, ஒரே மாதிரியான சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டி, இவை வாய்மொழியாகப் பாடப்பட்டவை என்று வாதாடினார். 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரெண்டன் அச்சகம் அதைப் புத்தகமாகப் போட்டது. எழுதத் தெரிந்த புலவர்களை வாய்ப்பாட்டுக்காரர் ஆக்கிவிட்டாரே என்று இங்கே குறைபட்டவர்கள் உண்டு. 1975இல் ஜார்ஜ் ஹார்ட்டும் தம் நூலில், புலவர்கள் பாணர் பாட்டின் மாதிரியைப் பின்பற்றினார்களே தவிர அவர்களே பாணர்கள் அல்லர் என்று வேறு பக்கம் போனார்.

அவர் 1966இல் தமிழில் வெளியிட்ட 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலையும் இந்த ஆங்கில நூலையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. தமிழ் நூலில் சமுதாயத்தைப் பற்றிய மார்க்சியப் பார்வை பளிச்சென்று தெரியும். ஆங்கில நூலில் அது அடங்கியே இருக்கும். தேர்வாளருக்குப் பயந்து அடக்கினார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தெரிந்தது, தாம்சனே பெயர்பெற்ற மார்க்சியர். அப்படியானால் பயம் எங்கிருந்து வந்தது? பயமாகவே இல்லாமலும் இருக்கலாம். வேறொரு சபைக்கு வேறொரு பேச்சு, அவ்வளவுதான். கீழ்நாட்டுச் சந்தையில் பேசுகிற மாதிரியா நாம் ஊர்க் கூட்டத்தில் பேசுகிறோம்?

கைலாசபதி எடுத்தாண்ட வாய்மொழிக் கொள்கைக்கே ஒரு ஆய்வேட்டுக் கதை உண்டு. மில்மன் பாரி என்ற அமெரிக்கர் 1928இல் பாரிஸில் ஹோமரின் நடையைப் பற்றி ஆய்வேடு கொடுத்தார். அந்த நடை ஒரு ஆளுடையது அல்ல, மரபு வழி வந்தது என்பது அவர் முடிவு. அவருடைய ஆசிரியர் அந்துவான் மெயே, மரபு மட்டுமல்ல, இது வாய்மொழியாகவும் இருந்தாக வேண்டும் என்று சுட்டிக் காட்டினார். அதோடு விடவில்லை. யூகோஸ்லாவியப் பாடகர்களை ஆராய்ந்த முர்கோ என்ற பேராசிரியர் அப்போது பாரிஸுக்கு வந்திருந்தார். அவரையும் பாரியின் தேர்வுச் சபையில் வந்து உட்கார வைத்தார். பாரி அதன்பின் யூகோஸ்லாவியா போய், பாடகர்களைப் பாடச் சொல்லி அலுமினியத் தட்டுகளில் பதிவு செய்தார். 1935இல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960இல் அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாக்கினார். ஒரு ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தை எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

இனி என் கதை. பள்ளியில் தமிழாசிரியராக இருந்துகொண்டே பகுதி நேரமாகப் பதிவு செய்தேன். தலைப்பு, கொல்லிமலை வாய்மொழிப் பாடல்களும் சங்க இலக்கியமும். இரவல் டேப்ரிக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் பைல் நாட்டில் வீடு வீடாக அலைந்தேன். அதிகம் பாடியது என் அப்பாயிதான். சாமைக் காட்டில் களை எடுக்கும்போது ஒரே பாட்டை இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி பாடும். ஆனால் அடி தொடங்குகிற சொற்கள் மட்டும் மாறாது. கைலாசபதி சொன்னது கண்ணெதிரே நடந்தது. அண்ணன் தம்பி மூவர் காஞ்சியிலிருந்து கிளம்பி வந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்த கதை, கரிராமர் கதை, எல்லாம் வந்தது. ஓரி மட்டும் வரவில்லை.

ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். "ஓரியா? அது யாரு சாமி, கீழ்நாட்டு ஆளா?" என்றது அப்பாயி. நான் பதிவு செய்த பாட்டு ஒன்றில்கூட அந்தப் பேர் இல்லை. மலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவனை மலைப்பாட்டு அறியவில்லை. இதற்குக் காரணம் சொல்லலாம். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. நம் சனம் மலையேறியது அதற்கு வெகுகாலம் கழித்து என்றுதான் நம் கதைகளே சொல்கின்றன. அப்படியானால் நினைவு எப்படி இருக்கும்? ஆய்வின் உயிரே இதுதான் என்று ஒரு அத்தியாயம் எழுதினேன்.

நெறியாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார். "புறத்தேர்வாளர் சங்க இலக்கியத்திலேயே ஊறினவர். ஓரியை இந்த மக்கள் மறந்துட்டாங்கன்னு எழுதினா அறிக்கை எப்படி வரும்னு சொல்ல முடியாது. சங்க மரபின் தொடர்ச்சின்னு முடிச்சிடுங்க." எனக்கு அப்போது ஐம்பதை நெருங்குகிற வயது. பட்டம் வந்தால் ஊதிய உயர்வு, இல்லாவிட்டால் ஐந்து வருஷம் போச்சு. அத்தியாயத்தை எடுத்தேன். அப்பாயி சொன்ன பதிலைப் பின்னிணைப்பில் ஒரு பத்தியாகப் போட்டேன். வேட்டுவன் அம்பு, விறலி பாட்டு, நம் களைப்பாட்டு எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துத் தொடர்ச்சி என்று முடித்தேன்.

1998இல் வாய்மொழித் தேர்வு. அப்பாயி அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டது. புறத்தேர்வாளர் வயதானவர், கதர்ச் சட்டை. சங்கப் பகுதியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கடைசியில் பின்னிணைப்பைப் புரட்டினார். "ஓரியைத் தெரியாதுன்னு ஒரு மூதாட்டி சொல்றாங்களே, இது பெரிய செய்தியாச்சே. இதை ஏன் பின்னால கொண்டுபோய் வெச்சீங்க?" என்றார். நெறியாளர் மேசையைப் பார்த்தார். நான் இடம் கருதி என்று ஏதோ உளறினேன். "மத்தவங்களையும் கேட்டீங்களா?" என்றார். கேட்டிருந்தேன். எடுத்த அத்தியாயத்தில் எல்லாம் இருந்தது. அதை இப்போது சொன்னால் ஏன் எடுத்தாய் என்ற கேள்வி வரும். "இல்லைங்க ஐயா" என்றேன். அவர் தலையசைத்து ஏட்டை மூடினார். கை தட்டினார்கள், மாலை போட்டார்கள், காரமும் காப்பியும் வந்தது.

அந்த "இல்லைங்க ஐயா"வை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேத்தியிடம் போன வாரம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த கேசட் எல்லாம் இருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

பிஸ்கட் டப்பாவில் பதினொன்று இருக்கிறது. இரண்டில் பூசணம். நாமக்கல்லில் ஒருவர் இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறாராம். ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறாள். அப்போது நம் பைல் நாட்டில் பாடத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஓரியைப் பற்றி மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது.