தோலுக்குள் மறைந்திருந்த நரம்பு

புசல்லாவை மலைகளின் தலைவிதியை ஒருமுறை நுணுக்குக்காட்டிதான் விளக்கியது. 1841இல் மோரிஸ் வோர்ம்ஸ் ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டபோதும் இங்கு கோப்பியே ராஜா. 1869இல் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு விழுந்தது. 1880இல் இலங்கை வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், அந்நோயின் பங்கசு வித்தி முளைத்து இலைவாய் வழியே உள்ளே நுழைவதைக் கண்டு காட்டினார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. அதோடு தலைமுறை தலைமுறையாக மலையேறி இறங்கும் கால்களும் வந்தன.

அந்தக் கால்களில் சிலவற்றை வாட்டும் எரிவின் காரணத்தைக் கண்ணால் காண வழி பிறந்த வரலாறு ஏறத்தாழ அதே காலத்தில், பெர்லினில் தொடங்குகிறது. 1868இல் மருத்துவ மாணவர் போல் லாங்கர்ஹான்ஸ் தோலில் தங்கக் குளோரைட்டை ஏற்றிப் பார்த்தார். மேற்றோலில் கிளைவிட்டிருந்த கலங்களை நரம்பு சார்ந்தவை என்று எண்ணினார். அவை நோயெதிர்ப்புக் கலங்கள் எனத் தெளிய ஒரு நூற்றாண்டு பிடித்தது. மேற்றோலில் உண்மையாகவே ஓடும் நரம்பு நார்களோ மிக மெல்லியவை. தங்கச் சாயமும் வெள்ளிச் சாயமும் அவற்றை ஒருநாள் காட்டும், மறுநாள் மறைக்கும். எண்ணிப் பார்க்க நம்பகமான வழி இருக்கவில்லை.

நம் பக்கத்தில் தோலையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கக் கட்டாயப்படுத்தியது தொழுநோய். ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லம் அமைத்த காலத்தில் வைத்தியருக்குக் கண்ணும் கையும்தான் துணை. 1873இல் நோர்வேயில் ஹன்சன் அதன் கிருமியைக் கண்டார். பம்பாயில் வி. ஆர். கனோல்கர், தொழுநோயின் ஆரம்பத் தேமல்களிலேயே தோல் நரம்புகள் தாக்கப்படுவதை இழைய வெட்டுகளில் ஆராய்ந்தார். வேலூருக்கு அருகே காரிகிரியில் சி. கே. ஜோப் போன்ற நோயியலாளர்கள் அந்தத் தடத்தில் தொடர்ந்தனர். உணர்விழந்த தேமலில் எடுத்த சிறு தோல்துண்டில் நரம்புக்குள் அழற்சியைக் கண்டால், நோயை உறுதிசெய்ய அதைவிட வலுவான சான்று அரிது. ஆனால் அவர்கள் பார்த்தது உட்தோலின் நரம்புக் கற்றைகளை. மேற்றோலின் தனி நார்கள் இன்னும் இருளில்தான்.

விளக்கு ஏற்றியது ஒரு புரதம். நரம்புக் கலங்களில் செறிந்திருக்கும் பிஜிபி 9.5ஐப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியைத் தோலில் இட்டபோது, நார்கள் நூல் நூலாகத் தெரிந்தன. 1990இல் சுவீடன் ஆய்வாளர்களும், 1993இல் மினசோட்டாவில் வில்லியம் கெனடி குழுவினரும் மேற்றோலின் நரம்பு வலையை விரிவாகக் காட்டினர். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு 1995இல் எண்ணும் முறையை முன்வைத்தது: மேற்றோலின் அடிமென்சவ்வைக் கடந்து மேலேறும் நார்களை மட்டும் எண்ணி, ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை என்று கணக்கிடுவது. 2005இல் ஐரோப்பிய நரம்பியல் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. 2010இல் அது திருத்தப்பட்டது.

இந்த எண்ணிக்கை ஏன் இத்தனை முக்கியம்? சீனி வியாதியுள்ள ஒருவர் பாதம் எரிகிறது, இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை என்கிறார். நரம்பு மின்கடத்தல் சோதனையோ எல்லாம் வழமை என்று சொல்லக்கூடும். அது பருத்த நார்களையே அளக்கும். சூட்டையும் வலியையும் சுமக்கும் நுண்ணிய நார்களைத் தொடுவதில்லை. அவை குறைந்திருப்பதை இந்த எண்ணிக்கை காட்டும். சோதனையில் ஒன்றுமில்லை என்பதற்காக அவருடைய எரிவு பொய்யாகிவிடாது. தோட்ட லயத்தில் முறையிடுபவரின் சொல்லுக்கு இந்த வரலாறு தரும் பெரும் துணை இதுவே.

எண்ணுவதற்கான தோல்துண்டை எடுக்கும் செய்முறை எளிது. கணுக்காலுக்கு 10 சென்ரிமீற்றர் மேலே மரக்கச் செய்து, 3 மில்லிமீற்றர் அகலத்தில் தோலை எடுப்பார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. கடினம் அதன் பிறகுதான். வழக்கமான ஹீமற்றொக்சிலின்-இயோசின் சாயத்தில் இந்த நார்கள் தெரியா. துண்டை இதற்கென்றே உள்ள பதப்படுத்தும் கரைசலில் இட்டு, 50 மைக்ரோன் தடிப்பில் வெட்ட வேண்டும். சாதாரண வெட்டின் தடிப்பைப்போல் இது பத்து மடங்கு. ஆகவே கத்தி தோலில் படுவதற்கு முன்பே ஆய்வுகூடத்தோடு பேசி வைத்திருக்க வேண்டும்.