இரண்டு கட்சிகள் பெற்ற திருவிழா

சம்பா அறுவடை நெருங்கும்போது திருவையாற்றுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். ஆனாலும் தியாகராஜர் ஆராதனை நாட்களில் அந்தச் சாலையில் பஸ் பிடித்து நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். பொங்கலுக்கு வராத பிள்ளைகள்கூட ஆராதனைப் பஞ்சமிக்கு வந்துவிடுவார்கள். திண்ணை, கூடம், மொட்டைமாடி எல்லாம் ஜமக்காளம் விரித்தாகிவிடும். காலையில் காவிரியில் குளித்துவிட்டுப் பந்தலில் இடம் பிடிக்க ஓடுவார்கள். நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிராக உட்கார்ந்து, நாட்டையில் எடுத்து ஸ்ரீராகத்தில் முடிக்கும் பஞ்சரத்தினத்தைக் கேட்கிறவர்கள், தியாகராஜர் காலத்திலிருந்தே இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அந்தக் கோஷ்டி கானத்துக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அது பிறந்ததும் பக்தியால் மட்டுமல்ல, சண்டையாலும்தான்.

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று, புஷ்ய பகுள பஞ்சமியில் மறைந்தார். அதற்குச் சற்று முன்புதான் சந்நியாசம் வாங்கியிருந்தார். காவிரிக்கரையில் சமாதி எழுந்தது. சீடர்கள் அவரவர் ஊருக்குப் போய் அவரவர் வீட்டில் திதி கொடுத்து, குருநாதர் பாட்டைப் பாடினார்கள். திருவையாற்றில் கூட்டம் கூடவில்லை. சமாதியைக் கவனிக்கவும் ஆளில்லை. 1903-இல் அவருடைய சீடர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வயதான காலத்தில் வந்து பார்த்தபோது இடம் பாழடைந்து கிடந்தது. அதைச் செப்பனிட்டார்கள். வருஷா வருஷம் இங்கேயே கூடிப் பாட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதன் பிறகுதான் உயிர் வந்தது.

அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர்கள் பக்கத்து ஊரான தில்லைஸ்தானத்தைச் சேர்ந்த அண்ணன் தம்பி, நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும். அண்ணன் 1908-இலேயே தியாகராஜர் கிருதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டவர். அண்ணன் தம்பி சேர்ந்து எடுத்த காரியம் சேர்ந்தே முடிந்தால் அது நம் ஊர் கதை ஆகுமா? 1910 வாக்கில் பிரிந்தார்கள். அண்ணன் பக்கம் பெரிய கட்சி, தம்பி பக்கம் சின்ன கட்சி. வித்வான்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் போன்ற பெரிய தலைகள் பெரிய கட்சியை நடத்தினார்கள். ஒரே குருவுக்கு இரண்டு உற்சவம், இரண்டு பந்தல், இரண்டு வசூல்.

ஏறக்குறைய அதே சமயம், 1911-இல், அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகம் தன் பழைய மாணவர்களை எல்லாம் ஊருக்கு வரச்சொல்லி அழைத்தது. பக்கத்து மாநிலமான கன்சாஸுடன் கால்பந்தாட்டம் (அவர்கள் ஊர்க் கால்பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது). ஆட்டம் 3–3 என்று சமனில் முடிந்தது. இன்றைக்கு அந்த நாட்டில் கல்லூரி இருக்கிற ஊரெல்லாம் இலையுதிர் காலத்தில் ஒரு வாரக்கடைசி பழைய மாணவர்களால் திணறிப்போவதற்கு அந்த அழைப்பு ஒரு முக்கியக் காரணம். சும்மா வா என்றால் யாரும் வர மாட்டார்கள். எதிரணி இருக்கிறது, நீ வந்து நம் பக்கம் உட்கார் என்றால் வருவார்கள். திருவையாற்றிலும் அதுதான் நடந்தது என்பது என் கட்சி. இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு வித்வான்களை அழைத்ததால்தான் அந்தச் சின்ன ஊர் சங்கீத உலகத்தின் தலைநகரமானது. போகப் போக ஓர் ஒப்பந்தமும் வந்தது. பஞ்சமிக்கு முந்தைய ஐந்து நாள் சின்ன கட்சிக்கு. பஞ்சமியும் அடுத்த நாலு நாளும் பெரிய கட்சிக்கு. கேட்க வந்தவனுக்கு இதில் நஷ்டமே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பெண்கள் பாடக் கூடாது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் அங்கே வந்து சேர்ந்தது 1921-இல். 1878-இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர், தேவதாசி மரபு, சென்னையில் கச்சேரியில் கொடிகட்டிப் பறந்தவர். முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910-இல் முழுசாகப் பதிப்பித்து, ஆபாசம் என்று தடை வாங்கியவர். எதிர்ப்பு அவருக்குப் புதிதல்ல. சமாதி மறுபடியும் சீரழிந்து கிடப்பதாகத் தம் குரு பிடாரம் கிருஷ்ணப்பா மூலம் அறிந்தார். கச்சேரியில் சம்பாதித்ததையும் நகைகளை விற்றதையும் கொண்டு நிலம் வாங்கினார், கோயில் கட்டினார், தியாகராஜருக்குச் சிலை வைத்தார். 1926-இல் கும்பாபிஷேகம். பணம் கொடுத்தவருக்குச் சந்நிதியில் பாட அனுமதி இல்லை. மைதானத்தைக் கட்டிக் கொடுத்தவரையே ஆட்டத்தில் சேர்க்காத கதை.

அவர் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. 1927 முதல் கோயிலின் பின்புறம் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பாட ஆரம்பித்தார். பெண்கள் கட்சி! மூன்றாவது அணி. முன்பக்கம் பாடுகிறவர்கள் அவர் கட்டிய இடத்தில் நின்றுகொண்டு அவரை எத்தனை நாள் இல்லாதவராக நடிக்க முடியும்?

முப்பது வருஷம் இழுத்த பிறகு, பாடகர் முசிரி சுப்பிரமணிய ஐயர், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி போன்றவர்கள் நடுவில் நின்று பேசியதில், 1940-இல் சமரசம் ஏற்பட்டது. அடுத்த வருஷம் எல்லாக் கட்சியும் ஒரே பந்தலில். ஸ்ரீ தியாகப்பிரும்ம மகோத்சவ சபை உருவானது. பெண்களும் பாடினார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகப் பஞ்சரத்தினக் கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடுவது என்பதும் இந்த இணைப்புக்குப் பிறகு நிலைபெற்றதுதான். எனக்கு இதில் ராகலட்சணத்தைவிட ராஜதந்திரம்தான் அதிகம் தெரிகிறது. யார் முதலில் பாடுவது, யாருக்கு எவ்வளவு நேரம், யாருக்குப் பக்கவாத்தியம் யார் என்பதில்தான் வித்வான்கள் முறைத்துக்கொள்வார்கள். கோஷ்டியில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. பெரிய வித்வானும், திருவையாறு அரசு இசைக் கல்லூரி மாணவனும் ஒரே சமயத்தில் வாயைத் திறக்க வேண்டும். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

நாகரத்தினம்மாள் 1952-இல் காலமானார். தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி எழுப்பினார்கள்.

1978-இல் இந்தத் திருவிழா கடல் தாண்டியது. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்தில் ஆராதனை தொடங்கினார்கள். கல்லூரிக் கால்பந்துக்காக லட்சம் பேர் உட்காரும் அரங்கம் கட்டிவைத்திருக்கிற மாநிலம் அது. அங்கே பஞ்சமியைப் பார்ப்பதில்லை. ஜனவரியில் பனி கொட்டும். ஈஸ்டரை ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு.